கார்த்தேஜ் முகாமில் காவலரைக் காணோம்

"பொம்மை திருடு போனதுக்கா பாஸ் நம்மளக் கூப்பிட்டாங்க?"

பெவ் இதைக் கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டாள். மேசைகளின் மேல் குனிந்திருந்த வழுக்கைத் தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன.

"பொம்மை இல்லம்மா. உருவம்," என்றது பக்கத்தில் இருந்த தலை.

"மன்னிச்சுக்குங்க. உருவம் திருடு போனதுக்கா பாஸ்?"

ராய்ஸ்டன் நனைந்த மழைக்கோட்டைக் கழற்றிச் சுவரோரத்து வெந்நீர்க் குழாயின் மேல் காயப் போட்டார். துப்பறிய வருவதற்கு முன்னால் அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீப்பிடித்த வீடுகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தவர். வீட்டுக்காரர் எவ்வளவு அழுகிறார் என்று பார்க்கமாட்டார். வீட்டில் என்ன இல்லை என்று பார்ப்பார். அவருடைய உதவியாளர் பெவ், பெண்கள் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் இருந்தவள். கத்தரிக்கோலை அங்கேயே விட்டுவிட்டாள், வாயை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கிளஃப்டன் ஊரின் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் அன்று பண்டைப் போர்க் கழகத்தின் ஆண்டுப் போட்டி. நல்ல வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர்கள், கட்டைவிரல் உயரத்துக்கு ஈயத்தில் வார்த்த படைகளைப் பச்சைத் துணி விரித்த மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். ரோமானியர், எகிப்தியர், பாரசீகர், எல்லாரும் உண்டு. வரலாற்றில் ஒருவரை ஒருவர் கண்ணால் கூடப் பார்த்திராத படைகள் இங்கே சனிக்கிழமைதோறும் வெட்டிக்கொண்டு சாகும். வீட்டில் மனைவிமார்களுக்கு அன்றைக்கு ஒரு நாள் நிம்மதி.

"கப்பு கழுவி முடிக்கறதுக்குள்ள வந்துருங்க கண்ணு. அதுக்கப்புறம் நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியாது." நெட்டி ஹோல்ராய்ட் என்ற அம்மாள் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். அவர்களும் ஓடி வந்துவிட்டார்கள்.

வந்தவர்களை எதிர்கொண்டவர் கழகத் தலைவர் டென்ஸில் ஃபாசெட். பள்ளியில் புவியியல் நடத்தியவர். கோட்டுப் பையின் மேல் யானைப் பதக்கம் குத்தியிருந்தார்.

"நெட்டி உங்களக் கூப்பிட்டது எங்களுக்குத் தெரியும். தாராளமா விசாரிங்க. ஆனா பிரயோஜனம் இல்ல. அந்தம்மாதான் எடுத்திருக்கா."

"விசாரணையே இன்னும் ஆரம்பிக்கலையே சார்," என்றார் ராய்ஸ்டன்.

"அதனாலதான் நேரத்த மிச்சப்படுத்தறேன்."

பின்னால் சமையலறையில் கோப்பைகள் கழுவும் ஓசை கிணுகிணுவென்று கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கழகத்தில் ஒரு வழக்கம். தேநீர்க் கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்க்காமல் கமிட்டி கூடாது. மலையே இடிந்து விழுந்தாலும் முதலில் கோப்பை. அதன்பிறகு மலை.

"கமிட்டி கூடினா என்ன ஆகும்?"

"ஆயுள் தடை. வடக்கு இங்கிலாந்து பூரா எந்தக் கழகத்துலயும் அந்தம்மாவ வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க."

"காணாம போனது எத்தன உருவம்?" என்று கேட்டாள் பெவ்.

"மூணு."

"உசரம்?"

டென்ஸில் கட்டைவிரலைக் காட்டினார்.

"ஐயோ," என்றாள் பெவ். "குடும்பத்துக்குச் சொல்லியாச்சா?"

டென்ஸில் அவளை விட்டுவிட்டு ராய்ஸ்டனிடம் மட்டும் பேசத் தொடங்கினார். "இதக் கேளுங்க. ஒவ்வொரு படைக்கும் பின்னால ஒரு முகாம் இருக்கணும். கூடாரம், வண்டி, மூட்டை முடிச்சு எல்லாம். எதிரி அதுக்குள்ள பூந்துட்டான்னா பாதி தோத்த மாதிரி. அதனால கொஞ்சம் பேரக் காவலுக்கு விட்டுட்டுப் போகலாம். காவல் இருந்தா எதிரி சண்டை போட்டுத்தான் உள்ள வரணும். இல்லைன்னா தொட்ட உடனே முகாம் விழுந்துரும்."

"சமையல்காரன் இருப்பான்ல? அவன் கரண்டியால ஒண்ணு போட மாட்டானா?" என்றாள் பெவ்.

"போடக் கூடாது!" டென்ஸிலுக்குக் கழுத்து சிவந்தது. "அதாம்மா இங்க பிரச்சினையே. ஒரு வருஷம் ஒருத்தர், கழிப்பறைக் குழியில குந்தியிருந்தவனக் காவல்காரன்னு சொல்லி சண்டைக்கு விட்டாரு."

"ஜெயிச்சானா?"

"ஜெயிச்சுட்டான்! அதுலேர்ந்துதான் விரல் விதி போட்டோம். எதிரி வந்து 'காவல் உண்டா'ன்னு கேக்கணும். முகாமோட சொந்தக்காரர் காவல்காரங்கள விரலால தொட்டுக் காட்டணும். தொட முடியலைன்னா காவல் இல்ல."

இறுதிப் போட்டியில் நடந்தது இதுதான். ஒரு பக்கம் வீடு விற்பனைத் தரகர் க்ளைவ், பழைய ஆப்பிரிக்க நாடான கார்த்தேஜின் படையோடும் யானைகளோடும். மறுபக்கம் நெட்டி, பழைய ஈரானின் பார்த்தியக் குதிரை வில்லாளிகளோடு. தேநீர் இடைவேளை முடிந்ததும் நெட்டியின் குதிரைகள் மலையைச் சுற்றிக்கொண்டு போய்க் க்ளைவின் முகாம் வாசலில் நின்றன. "காவல் உண்டா கண்ணு?" என்று நெட்டி மூன்று முறை கேட்டாள். க்ளைவ் குனிந்தார். தேடினார். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "திருட்டு! நீதான் எடுத்திருக்க!" என்று கத்தினார்.

"டீக்கு நாங்க எல்லாரும் வரிசையில நின்னோம். நெட்டி மட்டும் பிளாஸ்க் கொண்டு வர்ற ஆளு. மேசைகிட்டயே உக்காந்திருந்தா," என்று முடித்தார் டென்ஸில். "இதுக்கு மேல என்ன வேணும்?"

"மூணு உருவம் வேணும் சார்," என்றார் ராய்ஸ்டன்.

நெட்டி, கோட்டு மாட்டும் அறையில் அடுக்கி வைத்த நாற்காலிகளின் மேல் உட்கார்ந்து பன்றிக்கறி அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தோள்பட்டை அதைச் சொல்லும். இடது கைக் கட்டைவிரலில் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று பெயின்ட் படிந்து தோலோடு தோலாகிவிட்டிருந்தது.

"நீங்க எடுத்தீங்களாம்மா?"

"இல்ல கண்ணு."

"வேற யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல."

"அப்ப எங்க போச்சு?"

நெட்டி ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லும் வரை இருவரும் காத்திருந்தார்கள். நிதானமாகத்தான் மென்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டீங்களா, தெரியாதா?"

"தெரியாதுன்னு நான் சொன்னேனா?"

"பாஸ்," என்றாள் பெவ், "திருடன் வாயத் திறக்கலைன்னா நியாயம். கேஸ் குடுத்தவங்களே வாயத் திறக்கலைன்னா நாம யார அடிக்கறது?"

"வாக்கு குடுத்திருக்கேன்மா. குடுத்தா குடுத்ததுதான்." நெட்டி கையில் ஒட்டியிருந்த துகளைத் தட்டினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "மூணு பிள்ளைங்களும் ஆஸ்திரேலியாவுல. வாரம் பூரா எனக்கு மழையும் டிவியும். சனிக்கிழமை ஒரு நாள்தான் நாலு பேரக் கொல்லலாம். அதையும் புடுங்கிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க? இந்த ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒருத்தியா நின்னு, இப்பத்தான் மொத தடவையா இறுதிப் போட்டிக்கு வந்திருக்கேன். திருடின்னு பேரு வாங்கிட்டு வெளிய போகச் சொல்றாங்க."

"அப்ப உண்மையச் சொல்லிருங்களேன்."

"நீங்க கண்டுபிடிங்க. அதுக்குத்தான கூப்பிட்டேன்," என்றாள் நெட்டி. மிச்சமிருந்த ரொட்டியையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

க்ளைவின் முகாம் உண்மையிலேயே கண்ணைப் பறித்தது. பெரிய சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். அதற்குள் கோடு போட்ட கூடாரங்கள், சேறு, சேற்றில் மாட்டுக் குளம்பின் தடம், துணி காயும் கொடி, சாய்ந்து கிடக்கும் வண்டி, அதன் நிழலில் சோம்பேறிகள், வயிற்றை நக்கும் மாடு. காலையில் நடந்த அழகு முகாம் போட்டியில் பரிசுக் கோப்பை இதற்குத்தான். அந்தப் போட்டிக்கு ஒரே நிபந்தனை, சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும். போட்டியாளர்கள் பெயின்ட் கறை படிந்த விரல்களைத் தூக்கிக் காட்டி எல்லார் முன்னாலும் சத்தியம் செய்வார்கள்.

"பாருங்க," என்றார் க்ளைவ். தொழில் பழக்கத்தில் கை தானாக விரிந்தது. "தெற்கு பார்த்த கூடாரங்க. நல்ல காத்தோட்டம். ஆத்துக்குப் பக்கம். ஆனா வெள்ளம் வராது."

"வாடகை எவ்ளோ?" என்றாள் பெவ்.

ராய்ஸ்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "காவல்காரங்க எங்க நின்னாங்க சார்?"

"வாசல்கிட்ட."

"எந்த வாசல்?"

"வாசல்னா... வாசல்தான்."

"ரெண்டு வாசல் இருக்கே."

க்ளைவ் இரண்டையும் பார்த்தார். "ரெண்டுக்கும் நடுவுல."

"ரெண்டு வாசலுக்கும் நடுவுலன்னா அது முகாம் பூராவும்தான்," என்றாள் பெவ்.

ராய்ஸ்டன் மேசையோடு மேசையாகக் குனிந்து முகாமின் தரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். புல், சேறு, கல், மறுபடி புல். ஒரு சின்ன வட்டமான கட்டுமானத்தைச் சுட்டினார். "இது அருமையா இருக்கு. என்ன இது?"

"கிணறு. கல்லு கட்டின கிணறு. கோடையிலயும் வத்தாது."

"வாய் ஓரத்துல கறுப்பா தீட்டியிருக்கீங்களே?"

"அது... ஆழம் தெரியணும்ல. அதுக்காக."

"நுட்பம்!" என்றார் ராய்ஸ்டன். "எல்லாம் நீங்களேதான?"

"என் விரலப் பாருங்க சார்!" க்ளைவ் வலது கையைத் தூக்கினார். ஐந்து விரல் நுனியிலும் நீலப் பெயின்ட். "ரெண்டு வாரமாச்சு, போக மாட்டேங்குது."

"பாவம். ஒரு பகடை உருட்டிக் காட்டறீங்களா? எனக்கு இந்த ஆட்டம் புதுசு."

க்ளைவ் அதே வலது கையால் பகடையை உருட்டினார். நாலு விழுந்தது. "நல்லது," என்று சொல்லிவிட்டு ராய்ஸ்டன் நகர்ந்தார்.

அதற்குள் டென்ஸில், கமிட்டியின் பெயரால், நெட்டியின் பையைக் கூடத்தின் நடுவே கவிழ்த்துவிட்டிருந்தார். பிளாஸ்க், மாற்றுக் காலுறை, அளவுகோல், இருமல் மாத்திரை, பேரப்பிள்ளைகளின் புகைப்படம். எல்லாம் தரையில் கிடக்க, முப்பது ஆண்கள் சுற்றி நின்று ஒரு பெண்ணின் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்டி புகைப்படத்தை மட்டும் குனிந்து எடுத்துத் துடைத்தாள்.

"உருவம் இல்ல," என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"அதுதான் சந்தேகத்தையே உறுதியாக்குது," என்றார் டென்ஸில். "எவ்வளவு கெட்டிக்காரத்தனமா ஒளிச்சிருக்கா பாருங்க!"

"இவரு பரீட்சைத் தாள் திருத்தினப்ப எத்தன பிள்ளைங்க நாசமாச்சோ," என்று பெவ் முதலாளியின் காதில் சொல்லிவிட்டு, தட்டிலிருந்த இஞ்சி கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு மேசைகளைச் சுற்றக் கிளம்பினாள்.

சமையலறையில் கிணுகிணு ஓசை குறைந்துகொண்டே வந்தது. ராய்ஸ்டன் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தார். காவலர்கள் எங்கே என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அது மட்டும் போதாது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அந்தக் கேள்வியில் நெட்டி வேறு வழியாக மாட்டிக்கொள்வாள். இதுதான் அவரை உறுத்தியது.

பெவ் வாயில் கேக்கோடு திரும்பி வந்தாள்.

"பாஸ், ஒரு நாயப் பத்திப் புகார் குடுக்கணும்."

"எந்த நாய்?"

"கறித்துண்டத் தூக்கிட்டு ஓடுது. இந்தக் க்ளைவோட முகாம்ல இருக்குல்ல, மாட்டுக்குப் பின்னால? அதே நாய் அங்க ரோமன் முகாம்ல ஓடுது. எகிப்து முகாம்லயும் ஓடுது. ஆயிரம் வருஷமா அதே கறி. நாத்தம் தாங்காது."

ராய்ஸ்டன் மெல்லத் திரும்பினார். "ஒரே அச்சுல வார்த்ததா?"

"இல்ல. ஒண்ணு வால மடக்கியிருக்கு, ஒண்ணு தூக்கியிருக்கு. கையால பிடிச்சதுதான். ஆனா எல்லாத்துக்கும் இடது காது மட்டும் வெள்ளை."

"எந்தெந்த முகாம், யாருது, பாத்து வச்சுக்கிட்டியா?"

"முடி வெட்டற கடையில பத்து வருஷம் இருந்தவ பாஸ். யாருக்கு டோப்பா, யாருக்கு சொந்த முடின்னு பாத்த உடனே தெரியும்."

அன்று முதல் தடவையாக ராய்ஸ்டன் சிரித்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறை ஓசை நின்றது. கடைசிக் கோப்பையும் கவிழ்ந்துவிட்டது.

மேடைக்குக் கீழே மூன்று நாற்காலிகள். நடுவில் டென்ஸில். ஒரு பக்கம் போட்டி நடுவர் நார்மன். இன்னொரு பக்கம் கூடத்துச் சாவி வைத்திருக்கும் ஃபிட்டன். எதிரே நெட்டி நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"துப்பறிவாளர் ஏதாவது சொல்லணும்னா சுருக்கமா சொல்லலாம்," என்றார் டென்ஸில். "தீர்ப்பு தயாரா இருக்கு."

"சுருக்கமாவே சொல்றேன் சார். திருட்டு நடக்கல."

கூடம் சலசலத்தது.

"எரிஞ்ச வீட்டுக்காரர் என்கிட்ட வந்து, இங்க ஒரு பீரோ இருந்துச்சு, எரிஞ்சு போச்சும்பாரு. இருந்துச்சுன்னா தரையில பீரோ அளவுக்கு ஒரு தடம் இருக்கணும். இந்த முகாம் தரையப் பாருங்க. ஒரு விரல் வைக்கக்கூட காலி இடம் இல்ல. மூணு காவலர எடுத்திருந்தா அவங்க நின்ன இடம் மொட்டையா இருக்கும். இல்ல. அப்ப எடுக்கல. இங்கயேதான் இருக்காங்க."

"எங்க?" என்று கத்தினார் க்ளைவ்.

ராய்ஸ்டன் வண்டி நிழலில் இருந்த சோம்பேறிகளை நோக்கிக் குனிந்தார். மூன்று பேர் மண்டியிட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே கடுகளவு இரண்டு பகடை. மூன்று ஈட்டிகள் சக்கரத்தில் சாத்தியிருந்தன. நகத்தால் புல்லின் ஓரத்தை நெம்பினார். டிக் என்று காந்தம் விடுபட்டு, மூன்று பேரும் அடித்தட்டோடு கையில் வந்தார்கள்.

"காவல்காரன்னா நெஞ்ச நிமித்தி நிப்பான்னு எல்லாரும் தேடினீங்க. முதலாளி சண்டைக்குப் போனா காவல்காரன் என்ன செய்வான்? சூதாடுவான். செஞ்ச ஆளுக்கு உலகம் தெரிஞ்சிருக்கு."

க்ளைவ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா! காவல் இருந்துச்சு! என் முகாம் விழல! அந்தக் குதிரைங்களத் திரும்பப் போகச் சொல்லுங்க!"

"ரொம்ப சந்தோஷம் சார். நீங்க செஞ்ச காவல நீங்களே ஏன் தொடல?"

க்ளைவ் மறுபடி முகாமைக் குனிந்து பார்த்தார். "பதட்டம்..."

"இருக்கலாம். அந்தக் கிணத்துலேர்ந்து ஒரு வாளி தண்ணி எறைச்சுக் குடிச்சா பதட்டம் போயிரும். ஆனா அது கிணறு இல்ல, ரொட்டி அடுப்பு. வாய்ல இருக்கறது கரி. உத்துப் பாத்தா உள்ள ரெண்டு ரொட்டிகூட வேகுது. அப்புறம், வலது கைக்காரர் தூரிகையப் பிடிக்கறது வலது கையில. உருவத்தப் பிடிக்கறது இடது கையில. கறை படியறது பிடிக்கிற கையில. நீங்க சத்தியத்துக்குத் தூக்கற கையில பூசிட்டு வந்துட்டீங்க."

க்ளைவ் மெதுவாக உட்கார்ந்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "நேரம் எங்க சார் கெடைக்குது," என்றார் யாரிடமோ. "காலையில எல்லாரும் கை தட்டினாங்க. நல்லா இருந்துச்சு."

டென்ஸில் எழுந்து நின்றார். யானைப் பதக்கம் நடுங்கியது. "அயலார் கை! பொய்ச் சத்தியம்! நம்ம கழகத்துலயா? வாங்கின ஆளுக்கும் ஆயுள் தடை, செஞ்சு குடுத்த ஆளுக்கும் ஆயுள் தடை! யாரு செஞ்சது? பேரச் சொல்லுய்யா!"

க்ளைவின் கண் தானாக நெட்டியிடம் போய்விட்டுத் திரும்பியது. நெட்டி தன் பிளாஸ்க் மூடியைத் திருகினாள், திறந்தாள், திருகினாள். திருட்டுப் பழியிலிருந்து தப்பியவள் இப்போது மறுபடி வாசலில் நின்றாள்.

"பேரு எனக்கு யாரும் சொல்லல சார்," என்றார் ராய்ஸ்டன். "ஆனா கையெழுத்து இருக்கு. இந்த நாய். கறியத் தூக்கிட்டு ஓடுது, இடது காது வெள்ளை. எந்த முகாம்ல இந்த நாய் இருக்கோ அது பூராவும் ஒரே ஆளோட வேலை. ஆயுள் தடைன்னு வந்துட்டா ஒருத்தர மட்டும் பண்றது நியாயமில்ல. எல்லாத்தையும் பாத்துருவோம். பெவ்?"

பெவ் ஏற்கெனவே கிளம்பிவிட்டாள். "இதோ ஒண்ணு! ரோமன் முகாம். ரோஜாப்பூ வேலி எல்லாம் போட்டு. இது யாருதுங்க?"

நடுவர் நார்மனுக்கு இருமல் வந்தது.

"இங்க ஒண்ணு. எகிப்து. நாய் ஒட்டகத்துக் காலுக்கடியில ஓடுது. இது?"

ஃபிட்டன் சாவிக்கொத்தில் ஏதோ ஒரு சாவியைத் தேடத் தொடங்கினார்.

"அட, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாருங்க பாஸ். போன வருஷக் கோப்பை வாங்கின முகாம். பாரசீகம். அம்மாடி, இதுல ரெண்டு நாய்! தலைவருக்குன்னா தனி கவனிப்புதான்."

டென்ஸில் உட்கார்ந்தார்.

"நாய்... கடையில விக்கிது," என்றார்.

"எந்தக் கடையில சார்? எனக்கும் ஒண்ணு வேணும்."

அதற்குள் மற்ற மேசைகளில் சின்னச் சின்ன அசைவுகள். ஒருவர் தன் முகாமின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் மறைத்தார். ஒருவர் முகாமின் மேல் மெதுவாகத் தன் தொப்பியை எடுத்து வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் கைக்குட்டையை விரித்தார். பிறகு எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'நீயுமா?'

"நான் யாரு பேரையும் சொல்லல," என்றாள் நெட்டி. கூடத்தின் கோடி வரை கேட்டது அவள் குரல். பேருந்தில் பின் இருக்கைக்குக் கேட்க வேண்டிய குரல் அது. "ஒவ்வொருத்தரா வந்தீங்க. சந்தடி இல்லாம, பின்வாசல் வழியா. 'இந்தக் கழகத்துல நான் ஒருத்தன்தான் இப்படி நெட்டி, வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்'னீங்க. எல்லாரும் அதே வசனம். நானும் சரின்னேன். இன்னிக்கு என் காலுறையத் தரையில போட்டுப் பாத்தீங்களே, அப்பவும் நான் வாயத் திறக்கல. உங்கள்ல ஒருத்தராவது, இந்த அம்மா அப்படிப்பட்டவ இல்லைன்னு சொன்னீங்களா?"

தலைகள் குனிந்தன.

"ஆனா உங்களுக்கும் தெரியும்லம்மா," என்றாள் பெவ். "காவல் எங்க இருக்குன்னு. தெரிஞ்சேதான குதிரைய விட்டீங்க?"

"விரல் விதிப்படி கேட்டேன்மா. ஒரு தடவ இல்ல, மூணு தடவ கேட்டேன். நல்லா பாரு கண்ணு, வண்டிப் பக்கம் பாருன்னுகூட சொன்னேன். என் வாயாலேயே என் தோல்வியச் சொல்லணும்னு எந்த விதியும் இல்லியே." பிளாஸ்க் மூடியை இறுக்கினாள். "அவன் குனிஞ்சு என் வேலைய ஒரு நிமிஷம் ஒழுங்காப் பாத்திருந்தா தொட்டிருப்பான்."

முதலில் தேறியவர் நடுவர் நார்மன். நடுவர்களுக்கு மானம் போனாலும் விதி போகாது. "சொந்தக்காரர் தொட்டுக் காட்டல. அதனால காவல் இல்ல. முகாம் விழுந்தது விழுந்ததுதான். திருட்டுன்னு எதுவும் நடக்கல. ஆட்டம் தொடரலாம்."

"ஒருமனதா," என்றார் ஃபிட்டன் அவசரமாக.

டென்ஸில் தொண்டையைச் செருமினார். "அழகு முகாம் போட்டிய, கூடத்துல ஈரம் அதிகமா இருக்கறதால, இந்த வருஷம் ரத்து பண்ணலாம்னு..."

"ஒருமனதா!" என்றது கூடம்.

க்ளைவ் பரிசுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார். நெட்டி எதிரில் நின்றார். "நெட்டி, நான் வந்து... எல்லார் முன்னாலயும் உன்னத் திருடின்னு..."

"எல்லார் முன்னாலயும் சொன்னல்ல? அதையும் எல்லார் முன்னாலயும் சொல்லு."

க்ளைவ் திரும்பிக் கூடத்தைப் பார்த்து, வீடு விற்கும் குரல் இல்லாமல், வெறும் குரலில் சொன்னார். "நெட்டி எதையும் எடுக்கல. நான் சொன்னது பொய். மன்னிக்கணும்."

"சரி, உக்காரு. என் முறை," என்றாள் நெட்டி.

முகாமுக்குள் புகுந்த படைக்கு இன்னொரு விதி உண்டு. அது கொள்ளையடிக்கத் தொடங்கிவிடும். பகடையில் பெரிய எண் விழுந்தால்தான் தளபதியின் பேச்சைக் கேட்டு வெளியே வரும். நெட்டி உருட்டினாள். ஒன்று. குதிரைக்காரர்கள் கூடாரத்தைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். க்ளைவின் யானைகள் நடுவில் ஒரு அடி வைத்தன. மறுபடி உருட்டினாள். இரண்டு. யானைகள் இன்னொரு அடி. மூன்றாவது முறை பகடை மேசை விளிம்பு வரை ஓடி, யோசித்து, ஒன்றில் விழுந்தது.

"பாஸ்," என்றாள் பெவ், "நம்ம கட்சிக்காரங்க தோக்கறாங்க."

"தோக்கட்டும். அவங்க மேசை, அவங்க தோக்கறாங்க," என்றார் ராய்ஸ்டன். மழைக்கோட்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம்தான்.

யானைகள் பார்த்தியப் படையின் நடுவே புகுந்து மறுபக்கம் வெளியே வந்தபோது நெட்டி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "என் ஆளுங்க அங்க உன் கம்பளத்த மடிச்சிட்டு இருக்கானுங்க க்ளைவ்! இங்க ராஜா செத்துட்டான்!" க்ளைவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடமே மேசையைச் சுற்றிக் கூடியது. யாரோ நெட்டிக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். டென்ஸில் தன் கையாலேயே ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"சர்க்கரை ரெண்டு," என்றாள் நெட்டி.

அவர் திரும்பிப் போய்ச் சர்க்கரை கொண்டுவந்தார்.

தேநீரைக் குடித்துவிட்டு நெட்டி தன் குதிரைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். கூடத்தின் பின்சுவரில் ஒரு நீண்ட அலமாரி. அடுத்த வாரம் வருகிறவர்கள்தான் தங்கள் பெட்டியை அதில் விட்டுப் போவார்கள். நெட்டி நேராக அங்கே போனாள். இரண்டு பெட்டிகளைத் தோளால் தள்ளுவதுபோலக் கையால் தள்ளி இடம் பண்ணினாள். தன் பெட்டியை உள்ளே செருகிவிட்டு, வெறும் கையோடு மழையில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.